ஒரே விரலில் 'டக்'கெனத் திறக்கும் மடக்குக் கத்தி: வசதியா, வம்பா?

இணையத்தில் வாங்கிய பொருள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு கையில் பெட்டி. இன்னொரு கை காற்சட்டைப் பைக்குள் போகிறது. 'டக்'. கத்தி திறந்துவிட்டது. ஒட்டுநாடா இரண்டாகப் பிரிந்துவிட்டது.

"அட, சூப்பரா இருக்கே! நாமளும் ஒண்ணு வாங்கலாமா?"

அத்தகைய காணொளிகளைப் பார்க்கும் பலருக்கும் வரும் ஆசைதான். விலையும் அதிகமில்லை. இணையக் கடைகளில் சில பத்து வெள்ளிக்கே கிடைக்கிறது.

ஆனால் அந்த 'டக்' சத்தத்துக்குப் பின்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் விரல் பத்திரமாக இருக்குமா? இரண்டு, அதைப் பையில் வைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் போனால் சட்டம் என்ன சொல்லும்?

விரைவாகத் திறக்கும் மடக்குக் கத்திகள் எப்படி வேலை செய்கின்றன? அவற்றின் சாதக பாதகங்கள் என்ன? பார்க்கலாம்.

மடக்குக் கத்தி என்றால்?

அலகு கைப்பிடிக்குள் மடங்கி உட்கார்ந்துகொள்ளும் கத்திதான் மடக்குக் கத்தி. சிறியதாக இருந்தால் பேனாக்கத்தி என்றும் சொல்வோம். இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்பட்டதால் வந்த பெயர் அது.

சிங்கப்பூரில் 'பென்நைஃப்' என்றால் பலருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். பள்ளியில் கலை வகுப்பில் பயன்படுத்திய, முனையை ஒவ்வொரு துண்டாக உடைத்துவிடும் கத்தி. அது ஜப்பானின் ஒசாக்கா நகரில் 1956இல் உருவானது. நாம் இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல. ஆனால் கட்டுரையின் முடிவில் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது.

பழைய பாணி மடக்குக் கத்தியின் அலகில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். நகத்தை அதில் நுழைத்து இழுக்கவேண்டும். ஒரு கை கைப்பிடியைப் பிடிக்கும். இன்னொரு கை அலகை இழுக்கும். அதாவது, திறக்க இரண்டு கைகள் தேவை.

சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற சிவப்புக் கத்தி அந்த வகை. கார்ல் எல்சனர் என்பவர் 1897இல் பதிவுசெய்த வடிவமைப்பு அது. பிரான்சின் ஓப்பினெல் கத்தியும் அப்படித்தான். 1890இல் தொடங்கிய அந்த மரக்கைப்பிடிக் கத்தி, இன்றும் ஏறக்குறைய அதே உருவத்தில் விற்கிறது.

நூறு ஆண்டுக்கு மேலாக மக்கள் இரண்டு கையால் திறந்து நிம்மதியாகப் பழம் நறுக்கியிருக்கிறார்கள். அப்படியிருக்க, ஒரு கையால் திறக்கவேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது?

உண்மையான தேவை வேகமா?

இல்லை. பெரும்பாலான நேரங்களில் தேவைப்படுவது வேகம் அல்ல. இன்னொரு கை காலியாக இல்லாததுதான் பிரச்சினை.

ஏணியில் நிற்கும் மின்தொழிலாளர் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பார். படகில் இருப்பவர் இழுபடும் கயிற்றை விடமுடியாது. மீன்பிடிப்பவரின் ஒரு கையில் தூண்டில் இருக்கும். கிடங்கில் வேலை செய்பவர் பெட்டியைத் தாங்கிக்கொண்டே கட்டுநாடாவை அறுக்கவேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய வான்குடை வீரர்களுக்கு ஒரு தனிவகைக் கத்தி கொடுக்கப்பட்டது. வான்குடைக் கயிற்றில் சிக்கிக்கொண்டால் ஒரே கையால் திறந்து அறுக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். நெம்புகோலை அழுத்திக் கீழே சாய்த்தால் போதும். புவியீர்ப்பால் அலகு தானே வெளியே வந்துவிடும்.

இன்னொரு தகவலும் உண்டு. அமெரிக்காவில் தானியங்கிக் கத்திகளைக் கட்டுப்படுத்தும் கூட்டரசுச் சட்டம் 1958இல் வந்தது. அதில் ஒரு விதிவிலக்கு: ஒரு கை மட்டும் உள்ளவர்கள் 3 அங்குலம் வரையிலான அலகுடைய தானியங்கிக் கத்தியை வைத்திருக்கலாம். ஒரு கையால் திறப்பது சிலருக்கு வசதி. சிலருக்கோ வேறு வழியே இல்லை. அதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

ஆக, 'ஒரு கையால் திறப்பது' ஒன்று. 'கண்ணிமைக்கும் நேரத்தில் திறப்பது' வேறொன்று. விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகின்றன. வாங்குபவர் குழம்பக்கூடாது.

எத்தனை வகை இருக்கிறது?

1. கட்டைவிரல் குமிழ்

அலகின் அடிப்பகுதியில் ஒரு சிறிய உலோகக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் அதைத் தள்ளினால் அலகு வளைந்து வெளியே வரும்.

சாதகம்: எளிமையானது. உடைந்துபோக அதில் ஸ்பிரிங் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் குமிழ் இருந்தால் இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும் திறக்கலாம். மெதுவாகவும் திறக்கலாம்.

பாதகம்: நீட்டிக்கொண்டிருப்பதால் பைத்துணியில் மாட்டும். சில கத்திகளில் வெட்டும்போது குமிழ் குறுக்கே நிற்கும். கட்டைவிரல் வழுக்கினால் கூர்ப்பக்கத்தை நோக்கிப் போகும். தடித்த கையுறை போட்டால் குமிழைத் தேடுவதே பெரும்பாடு.

2. அலகில் துளை

குமிழுக்குப் பதில் அலகிலேயே ஒரு வட்டத் துளை. கட்டைவிரலின் சதை அதில் பதியும். தள்ளினால் திறக்கும். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981இல் கொண்டுவந்த கத்தியால் அந்த முறை பிரபலமானது. சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளும் கிளிப்பும் அதே கத்தியில் இருந்தது.

சாதகம்: நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் எதுவும் இல்லை. ஈரக் கையோ கையுறையோ, ஓரளவு சமாளிக்கலாம். தேய்ந்துபோகவும் கழன்றுவிழவும் எதுவும் இல்லை.

பாதகம்: துளைக்கு இடம் வேண்டுமே! அதனால் அலகு அகலமாகும். மடக்கினாலும் கத்தி பையில் புடைத்துக்கொண்டு நிற்கும்.

3. பின்பக்கத் துடுப்பு

காணொளிகளில் அதிகம் தெரிவது அந்த வகைதான். ஃபிலிப்பர் என்பார்கள். கத்தி மூடியிருக்கும்போது கைப்பிடியின் முதுகுப் பக்கத்தில் ஒரு சிறு துடுப்பு எட்டிப்பார்க்கும். ஆள்காட்டி விரலால் அதை அழுத்தினால் அலகு 'சட்'டென்று சுழன்று திறந்துவிடும்.

உள்ளே நடப்பது என்ன? மூடிய அலகை ஒரு சிறு உலோக உருண்டை ஒரு குழியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். விரலின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பிடி விடும். அதுவரை சேர்ந்த விசை முழுவதும் அலகைத் தள்ளிவிடும். விரல்களைச் சொடுக்குவது போலத்தான்.

சாதகம்: விரல் அலகின் பாதையில் வருவதே இல்லை. திறந்தபின் அதே துடுப்பு கீழே இறங்கி, கை வழுக்கிக் கூர்ப்பக்கத்துக்குப் போகாமல் தடுக்கும். பாதுகாப்புக்கு அது நல்ல அம்சம்.

பாதகம்: மெதுவாகத் திறக்க வராது. திறந்தால் முழுவதும் திறக்கும். அருகில் யார் நின்றாலும் சரி. அச்சில் தூசி சேர்ந்தால் பாதியில் நிற்கும். பிடிமானம் தளர்ந்தால் பைக்குள்ளேயே திறந்துகொள்ளும் அபாயமும் உண்டு.

4. கொக்கி

அலகின் முதுகில் ஒரு சிறு கொக்கி. கத்தியைப் பையிலிருந்து இழுக்கும்போதே கொக்கி துணியில் மாட்டி அலகைத் திறந்துவிடும். கத்தி வெளியே வரும்போதே தயாராக வரும்.

சாதகம்: மேற்சொன்ன வகைகளில் அதுதான் ஆக வேகமானது.

பாதகம்: பை கிழியும். தவறான கோணத்தில் இழுத்தால் தொடை கிழியும். பெட்டியைப் பிரிப்பவருக்கு அந்த வேகம் எதற்கு? யோசித்துப் பார்த்தால் பதில் கிடைக்காது.

5. உதவி ஸ்பிரிங்

தொடக்கத்தில் நீங்கள் தள்ளவேண்டும். அலகு சற்று நகர்ந்ததும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மீதி வேலையைச் செய்துவிடும். மூடியிருக்கும்போது அதே ஸ்பிரிங் அலகை உள்ளேயே அழுத்திப் பிடித்திருக்கும்.

சாதகம்: பலம் குறைந்த விரலுக்கும் எளிது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு உதவும்.

பாதகம்: கையில் 'ஜம்ப்' ஆகும். பிடி தளர்ந்திருந்தால் கத்தி கையைவிட்டுப் போகலாம். ஸ்பிரிங் ஒருநாள் சோர்ந்துவிடும் அல்லது உடையும். மூடும்போது ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளவேண்டும். சில நாடுகளின் சட்டப்படி அது தானியங்கிக் கத்தியாகவே கருதப்படும்.

6. பொத்தான்

பொத்தானை அழுத்தினால் அலகு தானே பாயும். சிலவற்றில் பக்கவாட்டில் சுழலும். சிலவற்றில் நேராக முன்னால் பாயும். ஃபிலிக் கத்தி, சுவிட்ச்பிளேடு என்றெல்லாம் சொல்லப்படுவது அதுதான். உலகின் பல நாடுகள் ஆகக் கடுமையாகப் பார்ப்பதும் அதைத்தான்.

7. பட்டாம்பூச்சிக் கத்தி

கைப்பிடி இரண்டாகப் பிளந்து அலகைச் சுற்றிச் சுழலும். பிலிப்பீன்ஸின் பத்தாங்காஸ் மாநிலத்துடன் தொடர்புடையது. அங்கே பாலிசோங் என்பார்கள். வித்தை காட்டப் பலர் பழகுகிறார்கள். பழகும்போது வெட்டுப்படுவதும் வழக்கம். அதனாலேயே கூர் இல்லாத பயிற்சிக் கத்திகள் விற்கப்படுகின்றன.

சரி, சாதகங்களைத் தொகுத்துப் பார்த்தால்?

- ஒரு கையில் வேலை இருக்கும்போது இன்னொரு கையால் திறக்கலாம்.
- நகம் உடையாது. ஈரமான, எண்ணெய் பட்ட கையால் நகப் பள்ளத்தைப் பிடித்து இழுப்பது எவ்வளவு சிரமம் என்பது முயன்றவர்களுக்குத் தெரியும்.
- மூட்டுவலி, கைக்காயம், உடற்குறை உள்ளவர்களுக்கு உதவும்.
- அவசர நேரத்தில், எடுத்துக்காட்டாக இருக்கை வாரிலோ கயிற்றிலோ யாராவது சிக்கிக்கொண்டால், நொடிகள் முக்கியம்.
- திறந்தபின் பூட்டிக்கொள்ளும் வசதி பெரும்பாலும் சேர்ந்தே வரும். வெட்டும்போது அலகு விரல்மேல் மடங்காது.

பாதகங்கள்?

- எளிதில் திறப்பது எளிதில் தவறியும் திறக்கும். பையில் சாவியோ நாணயமோ உரசினால் போதும்.
- பாகங்கள் கூடக் கூடப் பராமரிப்பும் கூடும். பைத்துணியின் நூல்தூசி, வியர்வை, நம் ஊர் ஈரப்பதம் எல்லாம் அச்சையும் ஸ்பிரிங்கையும் பாதிக்கும்.
- விலை மலிவானவற்றில் பூட்டின் தரமும் மலிவாக இருக்கலாம்.
- 'டக் டக்' என்று விளையாடத் தூண்டும். சும்மா இருக்கும்போது திறந்து மூடும் பழக்கம் வந்துவிடும். கவனம் சிதறும் நொடியில் காயம்.
- பார்ப்பவர்கள் பயப்படுவார்கள். உங்களுக்கு அது கருவி. பேருந்தில் எதிரில் இருப்பவருக்கு அது ஆயுதம்.
- சட்டச் சிக்கல். அதற்குத்தான் அடுத்து வருகிறோம். அதற்கு முன் இன்னொன்று.

திறப்பதைப் பற்றியே பேசுகிறோமே, மூடுவது?

விளம்பரத்தில் எப்போதும் கத்தி திறப்பதையே காட்டுவார்கள். மூடுவதைக் காட்டுவது அபூர்வம். ஆனால் விரலுக்கு ஆபத்து அதிகம் இருப்பது மூடும்போதுதான்.

காரணம் எளிது. திறக்கும்போது கூர்ப்பக்கம் விரலைவிட்டு விலகிப் போகிறது. மூடும்போது விரலை நோக்கி வருகிறது.

பூட்டுகளில் பல வகை உண்டு.

லைனர் லாக் என்பது கைப்பிடியின் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தகடு. அலகு திறந்ததும் அதன் அடியில் போய் முட்டுக்கொடுக்கும். மூட, கட்டைவிரலால் அந்தத் தகட்டை ஓரமாகத் தள்ளவேண்டும். அதாவது, அலகு வந்து உட்காரும் பாதையில் கட்டைவிரல் நிற்கிறது! பழகியவர்கள் அலகைச் சற்று மடக்கியதும் விரலை எடுத்துவிடுவார்கள். பழகாதவர்கள் மறந்துவிடுவார்கள். மேலும், பெரும்பாலான லைனர் லாக் வலக்கைக்காரர்களுக்கு ஏற்பவே செய்யப்படுகிறது.

பேக் லாக் கைப்பிடியின் முதுகில் இருக்கும். அழுத்தினால் பூட்டு விடும். உறுதியானது. ஆனால் ஒரு கையால் மூடுவது சிரமம்.

ஓப்பினெல் கத்தியில் 1955 முதல் ஒரு சுழல் வளையம் இருக்கிறது. திருகினால் பூட்டிக்கொள்ளும். வேகம் இல்லை. ஆனால் பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். அது பெரிய நன்மை.

பூட்டே இல்லாத வகையும் உண்டு. ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அலகைத் திறந்த நிலையில் வைத்திருக்கும். அதைக் கொண்டு குத்தவோ நெம்பவோ கூடாது. அலகு விரல்மேல் மடங்கிவிடும்.

ஆகவே கடையில் கத்தியைப் பார்க்கும்போது "எவ்ளோ வேகமா தொறக்குது?" என்று கேட்காதீர்கள். "எப்படி மூடணும்?" என்று கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், அபாயகரமான ஆயுதங்கள் தொடர்பான சட்டம் 1958இல் வந்தது. பொது இடத்தில் சட்டபூர்வமான காரணம் இல்லாமல் அபாயகரமான ஆயுதம் வைத்திருப்பது குற்றம். மூவாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். பிரம்படியும் விதிக்கப்படலாம்.

இன்னொருமுறை படியுங்கள். பிரம்படி.

"ஆயுதம்னா பாராங், வாள் மாதிரி பெருசாத்தானே?" என்று நினைக்கலாம். அப்படி இல்லை. தாக்கப் பயன்படுத்தினால் காயம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியும் அந்த வரையறைக்குள் வரலாம். அதனால் 'இத்தனை அங்குலம் வரைக்கும் பரவாயில்ல' என்று நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்பதே முக்கியமான கேள்வி.

வேலைக்குச் செல்லும் மின்தொழிலாளர் கருவிப்பையில் வைத்திருப்பதற்குக் காரணம் சொல்லமுடியும். முகாமுக்குச் செல்லும் வழியில் மூட்டையின் அடியில் மற்றச் சாமான்களோடு வைத்திருப்பதற்கும் காரணம் சொல்லலாம். நள்ளிரவில் நண்பர்களோடு வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும்போது பையில் ஃபிலிப்பர் கத்தி எதற்கு? "சும்மா"தான் பதில் என்றால், அது நல்ல பதில் அல்ல.

"தற்காப்புக்காக வச்சிருக்கேன்" என்பது அதைவிட மோசம். இன்னொருவர்மீது பயன்படுத்தும் எண்ணம் இருக்கிறது என்பதை நீங்களே ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடும்.

வெளிநாட்டு இணையத்தளத்தில் வாங்குவதற்கு முன்னும் யோசியுங்கள். ஆயுதங்களை இறக்குமதி செய்வதைக் காவல்துறையின் உரிமப் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஒரு தளம் விற்கிறது என்பதால் இங்கே கொண்டுவரலாம் என்று பொருளில்லை. சந்தேகம் இருந்தால் காசு கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

மலேசியாவிலும் 1958ஆம் ஆண்டின் அதே பெயருடைய சட்டம் நடப்பில் உள்ளது. அங்கே தண்டனை இன்னும் கடுமை. பொது இடத்தில் அபாயகரமான ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. பிரம்படியும் சேரலாம். ஜொகூர் பாருவுக்குச் சாப்பிடப் போகும்போது சாவிக்கொத்தில் என்ன தொங்குகிறது என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாடுகளில்?

படிக்கவோ சுற்றிப் பார்க்கவோ வெளிநாடு போகிறவர்கள் அதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒரே கத்தியை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது.

பிரிட்டன்: ஃபிலிக் கத்தி விற்பதற்கு 1959இலேயே தடை வந்தது. 2021இல் வரையறை விரிவானது. பாதி திறந்த அலகை ஸ்பிரிங் முழுவதும் திறந்துவிட்டாலும் இப்போது அது ஃபிலிக் கத்திதான். வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம். காரணம் கேட்காமல் வெளியே எடுத்துச்செல்லக்கூடியது 3 அங்குலத்துக்குட்பட்ட, பூட்டு இல்லாத மடக்குக் கத்தி மட்டுமே.

ஜெர்மனி: ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச்செல்ல 2008 முதல் தடை. வேடிக்கை என்னவென்றால், அதே காலக்கட்டத்தில் பக்கத்து நாடான சுவிட்சர்லாந்து தன் ராணுவ வீரர்களுக்கு ஒரு புதிய கத்தியைத் தேர்ந்தெடுத்தது. அதன் பெயரிலேயே 08 என்ற எண் இருக்கும். அது ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தி! வீரருக்கு அவசியமான அதே அம்சம், சாலையில் நடப்பவரிடம் இருக்கக்கூடாது என்கிறது பக்கத்து நாடு.

அமெரிக்கா: மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கின் கதை கவனிக்கத்தக்கது. அங்கே புவியீர்ப்புக் கத்திக்குத் தடை இருந்தது. சாதாரண மடக்குக் கத்தியைக்கூட அதிகாரி மணிக்கட்டை உதறித் திறந்துகாட்டினால், அது புவியீர்ப்புக் கத்தியாகிவிடும். கடையில் பகிரங்கமாக விற்ற கத்தியை வேலைக்காக வைத்திருந்த தொழிலாளர்கள் பலர் கைதானார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2019இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. ஒரு கத்தி எவ்வளவு எளிதாகத் திறக்கிறது என்பது ஒருவரின் வாழ்க்கையையே மாற்றலாம் என்பதற்கு அது சான்று.

விமானம்: அதில் குழப்பமே வேண்டாம். கைப்பையில் கத்தி கூடாது. சாவிக்கொத்தில் மறந்துபோய்த் தொங்கும் குட்டிக் கத்தியும் சோதனையில் மாட்டும். பெட்டியில் போட்டு அனுப்பினாலும், போய்ச் சேரும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் யாருக்கு எது?

வீட்டில் பார்சல் பிரிக்கமட்டும் வேண்டுமா? மடக்குக் கத்தியே தேவையில்லை. முதலில் சொன்ன, முனை உடைக்கும் கத்தியை மேசை இழுப்பறையில் வையுங்கள். விலை மலிவு. முனை மழுங்கினால் உடைத்துவிட்டால் புதுமுனை. வேலை முடிந்ததும் உள்ளே இழுத்துவிடுங்கள்.

தேசிய சேவைக்குப் போகிறீர்களா? பீச் ரோட்டில் உள்ள ராணுவச் சாமான் கடைகளில் பல்பயன் கருவிகள் வரிசையாக இருக்கும். இடுக்கி, திருப்புளி, கத்தரிக்கோல், கத்தி எல்லாம் ஒன்றில். அதில் கத்தியைவிட இடுக்கிதான் அதிகம் பயன்படும் என்பார்கள் சென்றுவந்த அண்ணன்மார்கள். வாங்குவதற்கு முன் உங்கள் பிரிவில் எதற்கு அனுமதி உண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். முகாமுக்கு வெளியே அதைச் சும்மா எடுத்துச் செல்லாதீர்கள்.

முகாமிடவோ மலையேறவோ போகிறீர்களா? அங்கே யாரும் உங்களை அவசரப்படுத்தப்போவதில்லை. நகப் பள்ளமுள்ள சிறிய கத்தியோ, வளையப் பூட்டுக் கத்தியோ போதும்.

மீன்பிடிப்பு, படகு, ஏணி, கிடங்கு என்று ஒரு கை எப்போதும் மாட்டிக்கொண்டிருக்கும் வேலையா? துளை அல்லது குமிழ் உள்ள கத்தி பொருந்தும். ஸ்பிரிங் தேவையில்லை. வேலை நேரத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கருவிப்பெட்டிக்குள் போகட்டும்.

விரல்களில் மூட்டுவலியா? சிறிய மடக்குக் கத்திக்குப் பதில், பாதுகாப்பு உறையுள்ள பெட்டி வெட்டியோ நல்ல கத்தரிக்கோலோ இன்னும் எளிதாக இருக்கலாம்.

சுழற்றும் வித்தைதான் ஆசையா? காணொளி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உலோகத்தில் செய்த பயிற்சிக் கத்திகூடப் பார்ப்பவர் கண்ணுக்கு உண்மையான கத்திபோலவே தெரியும்.

வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டியவை

- அலகு மூடும் பாதையில் விரல் இல்லை என்பதைப் பார்த்தபிறகே மூடுங்கள். கண் கத்தியில் இருக்கட்டும், கைத்தொலைபேசியில் அல்ல.
- உடலைவிட்டு வெளிப்பக்கமாக வெட்டுங்கள். மடியில் வைத்து வெட்டாதீர்கள்.
- மழுங்கிய கத்தியே அதிக ஆபத்து. கூடுதலாக அழுத்துவீர்கள், வழுக்கும்.
- அச்சில் சேரும் தூசியைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.
- கீழே விழும் கத்தியைப் பிடிக்க முயலாதீர்கள். விழட்டும். காலை நகர்த்துங்கள்.
- கத்தியைத் திருப்புளியாகவோ நெம்புகோலாகவோ பயன்படுத்தாதீர்கள்.
- சிறுவர்கள் இருக்கும் வீட்டில் பூட்டிவையுங்கள். பெரியவருக்கு எளிதாகத் திறப்பது சிறுவருக்கும் எளிதாகத் திறக்கும்.

வெட்டுப்பட்டுவிட்டதா? சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்திவையுங்கள். ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ, மடக்க முடியாவிட்டாலோ தாமதிக்காதீர்கள். நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். மருத்துவமனைக்குப் போங்கள். அவசரமென்றால் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

முடிவாக...

ஒரு கையால் திறப்பது நல்ல வசதி. அது தேவைப்படுவோருக்கு உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் அரை நொடியில் திறக்கவேண்டிய அவசியம் நம்மில் எத்தனை பேருக்கு வரும்?

பெட்டிக்குள் இருக்கும் காலணி எங்கேயும் ஓடிவிடாது. இரண்டு நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டால், விரலும் பத்திரம், பெயரும் பத்திரம்.

வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகள் போதும். எனக்கு எதற்கு? எப்படி மூடுவது? யாராவது கேட்டால் என்ன சொல்வேன்?

மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் யோசிக்கலாம். ஒன்றுக்காவது "சும்மா" என்பது பதிலாக இருந்தால்... கடையிலேயே விட்டுவிடுங்கள்.